லைனர் பூல்ல சுருக்கம் விழுந்தா உடனே தண்ணிய எறைக்காதீங்க

ஒவ்வொரு மழை சீசன் முடிஞ்சதும் யாராச்சும் ஒருத்தர் கேட்டுடறாங்க, நீச்சல் பூல் அடியில லைனர் (தண்ணி நிக்க உள்ள விரிச்சிருக்கிற வினைல் ஷீட்) சுருக்கம் சுருக்கமா எழும்பி நிக்குது, தண்ணிய மொத்தமா எறைச்சிட்டு இழுத்து விட்டுடலாமான்னு. தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. அரியாங்குப்பம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் பூல நான் பாத்துக்கறேன், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையேறுச்சே, அந்த மழைக்கு அப்புறம் எங்க லைனருக்கு அடியில தண்ணி பூந்து, ஆழம் கம்மியான பக்கம் கால வெச்சா தளதளன்னு ஆடுச்சு.

நம்ம கடலோரத்துல ஐப்பசி கார்த்திகையில ஊத்து எவ்வளவு மேல வரும்னு உங்களுக்கே தெரியும். பூல்ல நிக்கிற தண்ணியோட கனம்தான் லைனர தரையோட அமுக்கி வெச்சிருக்கு. வெளிய ஊத்து மட்டம் பூல் தண்ணிய விட ஒசந்துட்டா லைனர் மெதக்கும், ஊத்து எறங்கும்போது திரும்ப அதே எடத்துல உக்காராது, அதான் அந்த மடிப்பு. இந்த நேரத்துல பூல காலி பண்ணா லைனர் மொத்தமா கெளம்பிடும், செவுரே உள்ள தள்ளிக்கவும் வாய்ப்பிருக்கு. பழைய லைனரா இருந்தா காஞ்சி சுருங்கி, மறுபடி தண்ணி விடும்போது மூலையில கிழியும்.

அதனால மொதல்ல பக்கத்துல இருக்குற கெணத்துல ஒரு கயிற விட்டு தண்ணி மட்டம் பாருங்க. கெணறு இல்லன்னா பூல் ஓரமா ஒரு குழி தோண்டி, ஓட்டை போட்ட பிவிசி பைப்ப நட்டு சுத்தி ஜல்லி கொட்டிடுங்க, மட்டமும் தெரியும், சின்ன மோட்டார் வெச்சு அடியில இருக்குற தண்ணிய அதுலயே எடுக்கலாம். ஊத்து பூல் அடித்தரைக்கு கீழ போற வரைக்கும் பொறுங்க, பூல்ல தண்ணி நெறைய நிக்கட்டும்.

அதுக்கப்புறம் சின்ன சுருக்கத்துக்கு டாய்லெட் அடைப்பு எடுக்கற ரப்பர் பிளஞ்சரே போதும், புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்க. சுருக்கத்துக்கு பக்கத்துல வெச்சு அமுக்கி செவுரு பக்கமா கொஞ்சம் கொஞ்சமா இழுங்க, ஒரே இழுப்புல வராது, நாலஞ்சு நாள் வெயில் ஏறின பிறகு பண்ணுங்க, வினைல் சூடானாத்தான் எளகும். வெறுங்காலால தேய்ச்சி தள்ளினாலும் நகரும். நகத்தாலயோ கம்பியாலயோ நெம்பவே கூடாது.

மழையே இல்லாம பூல் முழுக்க சுருக்கம்னா தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க. பிஎச் (தண்ணியோட அமிலத்தன்மை அளவு) ரொம்ப நாள் 7க்கு கீழ இருந்து குளோரினும் அதிகமா போனா வினைல் தண்ணிய உறிஞ்சி ஊதிடும், அந்த சுருக்கம் பெரும்பாலும் திரும்பாது. பிஎச் 7.2லேர்ந்து 7.6, குளோரின் 1லேர்ந்து 3 பிபிஎம், இதுக்குள்ள வெச்சுக்கோங்க, குளோரின் பவுடர பக்கெட்ல கரைக்காம நேரா கொட்டினா லைனர் அந்த எடத்துல வெளுத்துடும்.

செவுத்து மேல லைனர் ஓரத்த சொருகற ட்ராக்ல இருந்து லைனர் ஓரம் கழண்டு வந்திருந்தா பதறாதீங்க, ஹேர் ட்ரையர எட்ட நின்னு மட்டும் காட்டுங்க, தண்ணியில கரண்டு விஷயம், இல்லன்னா கொதிக்காத வெந்நி ஊத்துங்க, எளகினதும் உள்ளங்கையால இழுத்து ட்ராக்ல சொருகுங்க. கட்டிங் பிளேயர் வெச்சி இழுத்தா கிழிஞ்சிடும்.

புது லைனர் போடறவங்களுக்கு: பூல விட கொஞ்சம் சின்னதாத்தான் செய்வாங்க, இழுத்து பிடிக்கணும்னு. அதனால சரிவு, மூலை, ஆழம் எல்லாத்தையும் நாலு எடத்துல அளந்து குடுங்க. எங்களுக்கு மொத லைனர் போட்டவர் ஒரே எடத்துல அளந்துட்டு போயிட்டார், மூலையில செவுத்தோட ஒட்டாம தொங்கிச்சு, அதுல தண்ணி விட்டா கிழியும்னு கழட்டவே வேண்டியதாச்சு. சித்திரை வெயில்ல மதியம் போடாதீங்க, லைனர் ரொம்ப நீண்டுடும், விடிகாலையில ஆரம்பிங்க. வேக்குவம் கிளீனர் ஓஸ லைனருக்கு பின்னாடி விட்டு, ஸ்கிம்மர் (மேல மெதக்கிற குப்பைய இழுக்கற செவுத்து வாய்) ஓட்டைய, இடுக்க எல்லாம் டேப் ஒட்டி அடைச்சிட்டு காத்த உறிஞ்சுங்க, சுருக்கம் எங்கன்னு தண்ணி விடறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும், அந்த பக்கம் ஓரத்த கழட்டி நகத்தி மாட்டலாம். தண்ணி ஆழம் கம்மியான பக்கம் ஒரு அடி ஏறற வரைக்கும் மெஷின நிறுத்தாதீங்க, ஸ்கிம்மருக்கு கட் பண்றதும் தண்ணி அதுக்கு கொஞ்சம் கீழ வந்து நின்ன பிறகுதான்.