மியரு கந்துவின் விளிம்பில் சுறாக்களோடு

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். பிற்பாடு டைவிங்குக்காக அங்கே போனபோது, ஏறிய படகையும் அவர்கள் தோணி என்றே சொன்னார்கள். கேட்கவே நெருக்கமாக இருந்தது.

வாவு அட்டோல் என்ற பவளத் தீவு வளையத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது மியரு கந்து. திவேஹி மொழியில் மியரு என்றால் சுறா. கந்து என்றால் வெளிக்கடல் தண்ணீர் பவளத் திட்டுகளுக்கு நடுவே புகுந்து உள்ளே வரும் வாய்க்கால். அந்த வாயின் விளிம்பு 30 மீட்டர் ஆழத்தை ஒட்டி இருக்கும். அதற்கு அப்பால் பாறை செங்குத்தாக இறங்கிவிடும், கீழே நீலம் மட்டும்தான். சாம்பல் பவளச் சுறாக்கள் கூடுவது இந்த விளிம்பில்.

ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் நீரோட்டம் கிழக்கிலிருந்து வருவதால், கிழக்கு வாய்க்கால்களில் தெளிந்த கடல்நீர் உள்ளே பாயும். நீரோட்டத்தை எங்கள் ஊர்க் கடலில் நீவாடு என்பார்கள். நீவாடு உள்நோக்கி இருந்தால்தான் இந்த டைவ் சரி. வெளிநோக்கி இருந்தால் வேண்டவே வேண்டாம், அது உங்களை ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும். அட்வான்ஸ்டு டைவிங் சான்றிதழ், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) சான்றிதழ், நீரோட்டத்தில் பழகிய ஐம்பது டைவ்கள்: இவை இல்லாதவர்களை நான் கூட்டிப்போக மாட்டேன்.

கணக்கைப் படகிலேயே முடித்துவிடுங்கள். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவர் அங்கே 80 லிட்டர் வாங்குவார். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (காற்றழுத்த அளவு) என்றால் மொத்தம் 2,200 லிட்டர். அதாவது, ஒன்றும் மிச்சம் வைக்காமல் போனால்கூட 27 நிமிடம்தான். அதனால் 100 பாரில் விளிம்பை விட்டுவிடுவது என் வழக்கம். சாதாரணக் காற்றில் அந்த ஆழத்தில் டிகம்ப்ரஷன் (உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் நின்று நின்று வருவது) இல்லாமல் இருக்க 20 நிமிடம் போல்தான் கிடைக்கும், 32 சதவீத நைட்ராக்ஸில் அரைமணி வரை. ஆனால் அந்த நைட்ராக்ஸுக்கு 33 மீட்டர்தான் எல்லை. மாலத்தீவுச் சட்டமும் பொழுதுபோக்கு டைவிங்கை 30 மீட்டரோடு நிறுத்துகிறது. ஆகவே விளிம்புக்குக் கீழே ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

குதிக்கும்போது பிசிடியில் (காற்று ஏற்றி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் அங்கி) துளிக்கூடக் காற்று இருக்கக் கூடாது. மேலே மிதந்து கூடிப் பேசிக்கொண்டிருந்தால், நீங்கள் இறங்குவதற்குள் நீவாடு உங்களை வாயைத் தாண்டி உள்ளே கொண்டுபோயிருக்கும். விளிம்புக்கு வெளிப்பக்கம், நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் தோணி நிற்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் உருண்டு, தலைகீழாக நேரே இறங்க வேண்டும். காது அடைத்தால் உடனே வழிகாட்டிக்குச் சைகை செய்துவிட்டு, உங்கள் ஜோடியோடு மேலே வந்துவிடுங்கள்.

கீழே வந்ததும், நீவாடு அடித்துப் போகாமல் உங்களைப் பிடித்து நிறுத்தும் கொக்கியைச் செத்த பாறையில் மாட்டுங்கள், உயிருள்ள பவளத்தில் ஒருபோதும் வேண்டாம். கயிற்றின் மறுமுனை பிசிடி வளையத்தில் இருக்கும். கொஞ்சம் காற்று ஏற்றினால் பட்டம் மாதிரி தரைக்கு மேலே நிற்பீர்கள். முகத்தை நீரோட்டத்துக்கு நேராகவே வையுங்கள். பக்கவாட்டில் திருப்பினால் முகக்கண்ணாடி பிடுங்கிக்கொள்ளும், வாயில் கவ்விய ரெகுலேட்டர் தானாகக் காற்றைக் கொட்டும்.

இனிமேல் செய்ய வேண்டியது அசையாமல் இருப்பதுதான். முதல் தடவை எனக்கு இது தெரியவில்லை. ஒரு பெரிய பெண் சுறா விளிம்போரம் போனதும் கொக்கியைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே துடுப்படித்தேன். அது போய்விட்டது. ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் அலறியபோது 35 மீட்டரில் இருந்தேன், மூச்சு இரைத்தது, நான்கு நிமிடத்தில் 60 பார் காலி. என்னால் குழுவில் எல்லோருக்கும் டைவ் பாதியில் முடிந்தது.

துரத்தத் தேவையே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. செங்குத்துப் பாறையில் மோதும் தண்ணீர் மேல்நோக்கி எழும். அந்த ஏற்றத்தில் பருந்து காற்றில் மிதப்பதுபோலச் சுறாக்கள் வாலை அதிகம் ஆட்டாமல் நிற்கின்றன. பிரெஞ்சு பாலினேசியாவின் ஃபகராவாவில் இதே இனச் சுறாக்களைக் கவனித்த ஆராய்ச்சியாளர்கள், இப்படி நிற்பதால் அவற்றுக்குக் குறைந்தது 10 சதவீத ஆற்றல் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார்கள். ஏற்றத்தின் ஒரு முனைக்குப் போய்ச் சேர்ந்த சுறா நீரோட்டத்தோடு பின்வாங்கி, மறுபடி வரிசையின் தொடக்கத்துக்கு வருமாம். மியரு கந்துவிலும் முதுகுத் துடுப்பில் வெட்டுத் தழும்பு உள்ள ஒரு சுறா, பத்து நிமிடத்தில் மூன்று தடவை என் முன்னால் வந்து போனது. அவை போகும் தடத்தின்மேல் உட்காராதீர்கள். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே தள்ளி இருந்தால், அவை உங்களை ஒரு பாறையாக ஏற்றுக்கொள்ளும்.

ஒரு அறிகுறியை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். முதுகை வளைத்து, மூக்கை மேலே தூக்கி, பக்கத் துடுப்புகளைக் கீழே தொங்கவிட்டு, உடம்பை மிகையாக ஆட்டி ஒரு சுறா நீந்தினால், ‘விலகு’ என்கிறது. வழி மறிக்கப்படும்போதோ துரத்தப்படும்போதோதான் பெரும்பாலும் இப்படிச் செய்யும். கேமராவைத் தாழ்த்தி, அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்கி, அதற்கு வெளிக்கடல் பக்கம் வழி விடுங்கள்.

நம் மூச்சுக் குமிழ்கள் மேலே போகாமல் கீழே இறங்கினால் அது இன்னும் அவசரம். கீழ்நோக்கிய ஓட்டத்தில் மாட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். நேராக மேலே போராடாமல் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். வந்த நிமிடமே, அவசரத்தில் ஏற்றிய காற்றைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் ராக்கெட் மாதிரி மேலே போய்விடுவீர்கள்.

100 பார் ஆனதும் முதலில் பிசிடி காற்றை வெளியேற்றி, கயிற்றைப் பிடித்து முன்னே போய், கொக்கியைக் கழற்றுங்கள். நீவாடு உங்களை வாய்க்காலுக்குள் சுமந்துகொண்டு போகும். மெல்ல உயர்ந்து, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, அங்கிருந்தே, படகுக்கு உங்கள் இடத்தைக் காட்டும் மிதவையை மேலே அனுப்பிவிடுங்கள். மாலத்தீவில் சுறா மீன்பிடிப்புக்கு 2010-இல் தடை வந்தது. அந்த மூன்று நிமிடத்தில் கீழே குனிந்து பார்க்கும்போதெல்லாம் அந்தத் தடை நீடிக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்வேன். அப்புறம் மேலே தோணியின் இயந்திரச் சத்தம் கேட்கும். அது நின்று, படகோட்டி கையசைத்த பிறகே ஏணியை நோக்கிப் போங்கள்.