தாடையைப் பார்த்துச் சாப்பாட்டைச் சொல்லாதீர்கள்: பிரைமேட் மண்டையோட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரைமேட் (மனிதன், குரங்கு, தேவாங்கு எல்லாம் அடங்கிய கூட்டம்) மண்டையோட்டின் வார்ப்பு ஒன்றைப் புதியவர் கையில் கொடுத்தால் முதலில் வாயைத்தான் பார்ப்பார். பல் பெரிது, தாடை தடிமன், உடனே ஒரு தீர்ப்பு. இடது வலது மாறிப்போவது, அளவுகோலை வைக்காமல் படம் எடுப்பது போன்றவை நாலு நாளில் தானாகத் திருந்திவிடும், அவற்றை விட்டுவிடலாம். கீழே வருபவை ஆய்வேடு முடியும்வரை கூடவே ஒட்டிக்கொண்டு வருபவை. ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

32 பல் இருந்தால் பழைய உலக (ஆசிய, ஆப்பிரிக்க) குரங்கு

நமக்கும் நாட்டுக்குரங்குக்கும் நீலகிரிக் கருமந்திக்கும் 32 பல். தாடையின் ஒரு பக்கத்துக்கு வெட்டுப்பல் 2, கோரைப்பல் 1, முன்கடைவாய்ப்பல் 2, கடைவாய்ப்பல் 3. தென் அமெரிக்கக் கபுச்சின் குரங்குக்கு முன்கடைவாய்ப்பல் 3 என்பதால் மொத்தம் 36. இதோடு நிறுத்திக்கொண்டால் மார்மோசெட்டிடம் ஏமாறுவீர்கள். அதுவும் தென் அமெரிக்கக் குரங்குதான். ஆனால் கடைசிக் கடைவாய்ப்பல் இல்லாததால் அதற்கும் 32. எனவே மொத்தத்தை எண்ணாதீர்கள், வகைவாரியாக எண்ணுங்கள்.

தேவாங்கில் தவறு வேறு மாதிரி வரும். கீழ்த்தாடையின் முன்பக்கம் ஆறு பற்கள் சீப்புபோல முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஓரத்தில் இருக்கும் இரண்டும் கோரைப்பற்கள். அவற்றுக்குப் பின்னால் கூராக நிற்பது முன்கடைவாய்ப்பல். அதைத்தான் எல்லாரும் கோரைப்பல் என்று எழுதுவார்கள். சந்தேகம் வந்தால் கண்குழிக்குள் ஒரு குச்சியை விடுங்கள். தேவாங்கில் வெளி ஓரத்தில் ஒரு எலும்புச் சட்டம்தான் இருக்கும். குச்சி அதற்குப் பின்னால் நழுவிப் பொட்டுப் பக்கம் வெளியே வந்துவிடும். நாட்டுக்குரங்கில் கண்ணுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது, குச்சி முட்டி நிற்கும்.

பெரிய கோரைப்பல், ஆகவே இறைச்சி

கொரில்லா என்ன தின்கிறது?

தடித்த தாடை, ஆகவே கொட்டை உடைத்தது

எத்தனை முறை திருத்தினாலும் திரும்ப வருவது இதுதான்.

1959 ஜூலை 17 அன்று, இன்றைய தான்சானியாவில் உள்ள ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி ஒரு மண்டையோட்டைக் கண்டார். இன்று அதன் பெயர் பராந்த்ரோபஸ் பாய்சியை, அழிந்துபோன ஒரு மனித உறவினம். நம் கடைவாய்ப்பல்லைப் பக்கத்தில் வைத்தால் பால்பல்போலத் தெரியும். எனாமல் தடிமன், கன்ன எலும்பு முன்னால் துருத்தி நிற்க மூக்குப் பகுதி அதற்குள் குழிந்து கிடக்கும். ‘நட்கிராக்கர் மேன்’, அதாவது கொட்டை உடைக்கும் மனிதன் என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அந்த மண்டையோட்டோடு கீழ்த்தாடை கிடைக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே இனத்தின் நல்ல கீழ்த்தாடை ஒன்று தான்சானியாவின் பெனின்ஜில் கிடைத்தது 1964-இல்தான். பட்டம் அதுவரை காத்திருக்கவில்லை.

இயந்திரக் கணக்கில் தவறில்லை. தாடை ஒரு நெம்புகோல். காதுக்கு முன்னால் இருக்கும் தாடைக் குமிழ் அதன் கீல். குமிழிலிருந்து வெட்டுப்பல் 100 மி.மீ., இரண்டாம் கடைவாய்ப்பல் 50 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதே தசை இழுப்புக்குக் கடைவாயில் இரண்டு மடங்கு விசை கிடைக்கும். கன்ன எலும்பு முன்னால் வந்தால் கன்னத்தசையும் முன்னால் வரும், நெம்பு கூடும். (இதை அப்படியே நீட்டி, கடைசிக் கடைவாய்ப்பல்லில்தான் விசை உச்சம் என்று எழுதிவிடாதீர்கள். அவ்வளவு பின்னால் முழு பலத்தோடு கடித்தால் கடிக்கும் பக்கத்து மூட்டு பிரிந்துபோகப் பார்க்கும். அதைத் தவிர்க்க எதிர்ப்பக்கத் தசை அடக்கி வாசிக்கும்.)

ஆக, பாய்சியையால் மிக பலமாகக் கடிக்க முடியும். சரி. அடுத்த வரியில் ‘முடியும்’ என்பது ‘கடித்தது’ என்று மாறுகிறது பாருங்கள், சிக்கல் அங்கேதான்.

2008-இல் ஏழு பாய்சியைகளின் பல்மேல் இருக்கும் நுண்தேய்மானத்தைப் பார்த்தார்கள். கடினமான கொட்டையைக் கடித்த பல்லில் உளியால் கொத்திய அம்மிபோலக் குழிகள் இருக்கும். இலை, புல் மென்ற பல்லில் ஒரே திசையில் கீறல்கள் ஓடும். அந்த ஏழு பேரிடமும் கொட்டை உடைத்ததற்கான குழிகள் இல்லை. 2011-இல் 22 பாய்சியைகளின் எனாமலில் கார்பன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட கார்பன் அணு வகைகள்) அளந்தபோது, உணவில் சராசரியாக 77 சதவீதம் சி4 தாவரங்களிலிருந்து வந்தது தெரிந்தது. புல், கோரை வகைகள். (கோரைப்பல் அல்ல, பாய் பின்னுகிற கோரையின் குடும்பம்.) தென் ஆப்பிரிக்காவின் பராந்த்ரோபஸ் ரோபஸ்டஸுக்கும் ஏறக்குறைய இதே முகம், இதே தாடை. ஆனால் அதன் பல்லில் குழிகள் அதிகம், சி4 பங்கோ மூன்றில் ஒன்று அளவுதான்.

ஒரே தாடைக்கு எப்படி இரண்டு சாப்பாடு? எலும்பு தடிப்பதற்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை. ஒரே கடியில் பெரிய விசை வந்தாலும் தடிமன் தேவை, சின்ன விசை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தாலும் தேவை. எத்தியோப்பிய மலையில் பொழுதெல்லாம் புல் மெல்லும் கெலாடா குரங்கின் தாடை ஒன்றும் மெலிந்ததல்ல. இன்னொரு காரணம் பஞ்சம். உகாண்டாவின் கிபாலே காட்டு மங்கபே குரங்குக்கு எனாமல் தடிமன், ஆனால் அது விரும்பித் தின்பது பழம். பழம் கிடைக்காத நாட்களில்தான் மரப்பட்டைக்கும் கெட்டி விதைக்கும் போகிறது.

செய்ய வேண்டிய முறை இது. முதலில் அளவுகள்: குமிழிலிருந்து ஒவ்வொரு பல்லுக்கும் உள்ள தூரம், கன்ன எலும்பின் வேர் எந்தப் பல்லுக்கு நேராக இறங்குகிறது, பல்வரிசையைவிடக் குமிழ் எவ்வளவு உயரம். இவற்றிலிருந்து ‘முடியும்’ என்று மட்டும் எழுதலாம். பிறகு நுண்தேய்மானம்: இது சாவதற்கு முந்தைய சில நாட்கள், வாரங்களின் சாப்பாட்டைச் சொல்லும். பிறகு ஐசோடோப்பு: எனாமல் உருவான இளம் வயதின் சாப்பாடு. அதிலும் புல்லையே தின்றதா, புல் தின்ற பிராணியைத் தின்றதா என்று ஐசோடோப்பு தனியாகச் சொல்லாது. ‘தின்றது’ என்ற வினைச்சொல்லை இவ்வளவுக்கும் பிறகு எடுங்கள்.

உச்சியில் முகடு இல்லை, ஆகவே வேறு இனம்

மண்டையின் உச்சியில் ஓடும் எலும்பு முகடு மூளைக்காக வந்ததில்லை. பொட்டுத்தசை வளர்ந்து இரண்டு பக்கமிருந்தும் நடுக்கோட்டில் வந்து முட்டினால், ஒட்டிக்கொள்ள இடம் போதாமல் எலும்பு எழும்பும். சின்ன மண்டை, பெரிய தசை என்றால் முகடு. அதனால்தான் பெரும்பாலும் வளர்ந்த ஆணில். கென்யாவின் துர்கானா ஏரியின் கிழக்குக் கரையில் அடுத்தடுத்த ஆண்டுகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளில் 406 எண்ணுக்கு (1969) முகடு உண்டு, 732-க்கு (1970) இல்லை. இரண்டும் பாய்சியைதான், ஆணும் பெண்ணும்.

குட்டியை வளர்ந்ததோடு ஒப்பிடுவது

சிம்பன்சிக் குட்டிக்கு முகம் தட்டை, நெற்றி உருண்டை, தண்டுவடம் நுழையும் பெருந்துளையும் வளர்ந்த சிம்பன்சியைவிட முன்னால். பார்த்தால் மனிதச் சாயல். 1924-இல் தென் ஆப்பிரிக்காவின் டாங் என்ற இடத்தில் கிடைத்த ‘டாங் குழந்தை’ என்ற புதைபடிவ மண்டையோட்டை உடற்கூறியல் அறிஞர் ரேமண்ட் டார்ட் மனித வழியில் சேர்த்தபோது மறுத்தவர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். கடைசியில் டார்ட் சொன்னது சரியாயிற்று, ஆனால் அதற்கு வளர்ந்த மண்டையோடுகள் வர வேண்டியிருந்தது. எதை அளப்பதற்கு முன்னும் மூன்றாம் கடைவாய்ப்பல் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாதித் தாடையிலிருந்து முழு வளைவு

1932-இல் சிவாலிக் மலையில் கிடைத்த ராமாபிதெகஸ் என்ற புதைபடிவ வாலில்லாக் குரங்கின் தாடைத் துண்டில் நடுக்கோடு இல்லை. அப்படியிருந்தும் மனிதனுடையதுபோல அகன்று விரியும் பல்வளைவு வரைந்தார்கள். 1960-களில் அது மனித மூதாதை என்றே பாடப்புத்தகத்தில் ஏறியது. 1982-இல் வெளியான சிவாபிதெகஸ் என்ற இன்னொரு புதைபடிவ வாலில்லாக் குரங்கின் முகம் ஒராங்குட்டானை உரித்து வைத்தாற்போல் இருந்தது. ராமாபிதெகஸ் அதற்குள் கரைந்தது. மேல்தாடையில் அண்ணத்தின் நடுப்பொருத்து, கீழ்த்தாடையில் முகவாயின் உள்பக்க நடு, இரண்டில் ஒன்றாவது துண்டில் இருந்தால்தான் மறுபாதியைப் பிரதிபலித்து வரையலாம். துண்டை ஐந்து டிகிரி திருப்பினாலே பின்பற்களுக்கு இடையிலான அகலம் ஒரு சென்டிமீட்டர் மாறிவிடக்கூடும். நடுக்கோடு இல்லாவிட்டால் பாதியாகவே வரைந்து வையுங்கள்.