சுகர் 42னு காட்டுன அந்த நைட் டூட்டி

நர்ஸ் வேலைக்கு சேர்ந்து மூணாவது வாரம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஏழாம் பெட் தாத்தா சட்டையெல்லாம் நனைஞ்சு வேர்த்துப்போய் "பஸ் வந்துருச்சா"ன்னு உளறிட்டு இருந்தாரு. குளுக்கோமீட்டர்ல சுகர் 42, ரொம்பக் கம்மி. எனக்கு கை நடுங்குது, டம்ளர்ல சர்க்கரை கரைச்சு வாய்கிட்ட கொண்டு போயிட்டேன், சீனியர் அக்கா ஓடி வந்து தட்டிவிட்டாங்க, "அரை மயக்கத்துல இருக்காரு, புரையேறிடும்டி"ன்னு. கை நரம்புல போட்டிருந்த வென்ஃப்ளான் ஊசிக்குழாய் ஒழுங்கா ஓடுதான்னு சலைன் விட்டுப் பாத்துட்டு, டியூட்டி டாக்டர் சொன்னபடி 25% டெக்ஸ்ட்ரோஸ், அதான் குளுக்கோஸ் தண்ணி, 100 மில்லி மெதுவா போட்டோம். பத்து நிமிஷத்துல கண்ணத் தொறந்து "ஏம்மா அழுவுற"ன்னாரு!

15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்துனா 260. அக்கா விரலைப் பாத்தாங்க, நான் சிந்துன சர்க்கரைத் தண்ணி! துடைச்சுட்டு குத்துனா 118. அதோட விடல, சுகரை ரொம்ப நேரம் இறக்கிட்டே இருக்கற கிளிமிபிரைடு மாத்திரையும் போடறவரு, திரும்ப இறங்கும்னு மணிக்கொரு தடவை பாத்தோம்.

காரணம் என்னன்னா எட்டு மணிக்கு இன்சுலின் போட்டேன், அவரு இட்லியத் தொடவே இல்ல. இப்பல்லாம் தட்டு முன்னாடி வந்தாத்தான் ஊசி எடுப்பேன்.