வேலை கிடைத்தாச்சு, பேஸ் படிவத்தில் என்ன எழுதுவது?

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். ரீஜனல் விமானக் கம்பெனி ஒன்றில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாகத் தேர்வாகிவிட்டான், ஆனால் அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே குரல் மாறிவிட்டது. "மாமா, எந்த ஊர் பேஸ், எந்த விமானம்னு மூணு சாய்ஸ் எழுதித் தரச் சொல்றாங்க, நாளைக்குள்ள அனுப்பணும். அப்பா பெங்களூருன்னே போடுடா, ராயக்கோட்டை தக்காளி லோடே விடியறதுக்குள்ள அங்க போயிடுது, உனக்கென்னங்கறாரு." தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகள் இப்போது நாலைந்து பேர் இதே கேள்வியோடு வந்துவிட்டதால், அவனிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் காவேரிப்பட்டினத்துக்காரன், ஏடிஆர் என்ற புரொப்பெல்லர் விமானம் ஓட்டுகிறேன். பேஸ் என்றால் விமானி எந்த ஊரிலிருந்து வேலைக்குக் கிளம்புகிறாரோ அந்த ஊர்.

முதலில் விமானத்தைப் பாருங்கள், ஊரை அப்புறம் பார்க்கலாம். வீட்டில் எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்வார்கள். பேஸ் ஒரு வருடத்தில் மாறலாம், யாராவது விலகினால் ஆறு மாதத்திலேயே கூட மாறலாம், ஆனால் டைப் ரேட்டிங், அதாவது ஒரு ரக விமானத்தை ஓட்டும் தகுதி, அப்படியில்லை. எந்த விமானத்துக்கு சிமுலேட்டரில் உட்கார்ந்து பயிற்சி முடித்தீர்களோ அது உங்கள் லைசென்ஸில் ஏறுகிறது, கூடவே அந்தப் பயிற்சிச் செலவுக்கான பாண்டும் (இடையில் விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம்) கழுத்தில் விழுகிறது. போதாததற்கு, ஃபர்ஸ்ட் ஆபீசர் வேலையை விட ஆறு மாத நோட்டீஸ் தர வேண்டும் என்று விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2017-ல் விதி கொண்டுவந்தது. பிடிக்கவில்லை என்று அடுத்த மாதமே கிளம்பிவிட முடியாது.

சில கம்பெனிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட ரகம் உண்டு. அலையன்ஸ் ஏரில் ஏடிஆரும் இருக்கிறது, பாசிகாட், தேஜு போன்ற அருணாசலத்து ஊர்களுக்குப் போகும் டோர்னியர் 228-ம் இருக்கிறது. ஸ்டார் ஏரில் 50 இருக்கை எம்ப்ரேயர் 145, 76 இருக்கை 175. இரண்டும் ஒரே கம்பெனி செய்ததுதான், ஆனால் டைப் ரேட்டிங் தனித்தனி. இண்டிகோவில் ஏர்பஸ்ஸும் ஏடிஆரும். ஜெட் என்றதும் மனசு அங்கே போகும், சம்பளமும் பெரும்பாலும் கூடுதல், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 200 மணி நேரத்தோடு வரும் புதுப்பையனுக்கு ஏடிஆர் கற்றுத் தருவது நிறைய. 25,000 அடிக்கு மேல் ஏறாது, அதனால் மழைக்காலத்தில் மேகத்துக்கு மேலே போய்த் தப்பிக்கும் வசதி குறைவு. ஒரே நாளில் நாலு தடவை இறங்குவீர்கள். கேப்டனாவதற்கு ஏடிபிஎல் என்ற மேல்நிலை லைசென்ஸ் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம், வருடத்துக்கு 1,000 மணிக்கு மேல் பறக்க விதியே விடாது. பறக்கத் தொடங்குவது தாமதமானால் அதுவும் தள்ளிப்போகும், ஆகவே "எந்த ரகம் எழுதினால் சிமுலேட்டர் தேதி சீக்கிரம் கிடைக்கும், லைன் டிரெயினிங் (பயணிகளோடு பறந்தபடியே கற்பது) தர கேப்டன்கள் போதுமான அளவு இருக்கிறார்களா" என்று கேளுங்கள். விமானம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பயிற்சி கேப்டன் இல்லாமல் எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்தால் கைப்பழக்கமெல்லாம் போய்விடும்.

சரி, இப்போது ஊர். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூரு பக்கத்து ஊர், தொண்ணூறு கிலோமீட்டர்தான். ஆனால் விமான நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், நகரத்துக்கு வடக்கே. நாம் நுழைவது தெற்கே, ஓசூர் ரோட்டில். காலை ஆறு மணி விமானத்துக்கு ஐந்து மணிக்கே ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்றால் காவேரிப்பட்டினத்தில் ஒன்றரைக்கே வண்டி எடுக்க வேண்டும். அப்புறம் தூக்கம் எங்கே? புதிதில் நானும் ஸ்டேண்ட்பை நாளில் வீட்டிலேயே இருந்தேன், கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைத்து. சாயங்காலம் நாலரைக்கு அழைப்பு வந்தது. அத்திப்பள்ளி டோலில் முக்கால் மணி, சில்க் போர்டில் அதற்கும் மேல், ஹெப்பால் மேம்பாலம் ஏறும்போது எனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பிவிட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது நியாயம்தான். பெங்களூரு எழுதுங்கள், ஆனால் எலஹங்காவிலோ தேவனஹள்ளியிலோ அறை எடுப்பேன் என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். அப்படிப் பார்த்தால் ஹைதராபாத்துக்கும் பெங்களூருவுக்கும் வீட்டு நிலைமையில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது புரியும்.

"தொப்பூர் கணவாயைத் தாண்டினால் ஏர்போர்ட், சேலத்தையே கேளேன்" என்று தர்மபுரியில் சொல்வார்கள். ஓமலூர் பக்கம் காமலாபுரத்து ஓடுதளம் 1,800 மீட்டர் சொச்சம், ஏடிஆருக்குத் தாராளம். ஆனால் விமானம் இறங்கும் ஊரெல்லாம் பேஸ் ஆகாது. சேலத்துக்கு வரும் விமானமும் அதன் விமானிகளும் வேறு ஊரிலிருந்து கிளம்பி வருகிறவர்கள். ஓசூர் விமான நிலையத்தையும் கணக்கில் சேர்க்காதீர்கள். 2024-ல் சட்டமன்றத்தில் அறிவித்தது 2,000 ஏக்கர் திட்டம், ஆனால் 150 கிலோமீட்டருக்குள் புது விமான நிலையம் வரக்கூடாது என்ற பெங்களூரு விமான நிலையத்தின் ஒப்பந்த நிபந்தனை 2033 வரை இருக்கிறது.

அமெரிக்க விமானிகள் இணையத்தில் எழுதுவதைப் படித்துவிட்டு, வீடு ஓர் ஊர், பேஸ் ஓர் ஊர், இடையே காலி சீட்டில் பறந்து போய்க்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள். அங்கே ஒரே வழியில் நாளுக்குப் பத்து விமானம். நமக்குச் சேலத்தில் ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய வேலை போச்சு.

படிவத்தில் எழுதியது அப்படியே கிடைக்கும் என்றும் இல்லை. முதலில் கம்பெனிக்கு எங்கே ஆள் வேண்டும் என்பது, அதற்குள் உங்கள் பேட்சின் சீனியாரிட்டி. ஒரே நாளில் சேர்ந்த இருபது பேரில் யார் முன்னே என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள், வயதா, தேர்வு மார்க்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அந்த வரிசைதான் பின்னால் லீவுக்கும் பேஸ் மாற்றத்துக்கும் வந்து நிற்கும். அந்த பேஸில் இரவு எத்தனை விமானம் நிற்கிறது என்றும் கேளுங்கள். இரண்டே விமானம் என்றால் ஒன்று பழுதாகும்போது உங்கள் மணி நேரமும் பாதியாகும்.

அக்கா மகன் ஏடிஆர் என்று எழுதினான். பேஸ் ஹைதராபாத், சென்னை, பெங்களூரு என்ற வரிசையில் போட்டான், கிடைத்தது மூன்றாவது. அவன் அப்பா எலஹங்காவில் உடனே வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார், பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்களாம். லைன் டிரெயினிங் முடித்து ரிலீஸ் செக் (அதன் கடைசித் தேர்வு) தேறும் வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், அதற்குள் பேஸ் ஒரு தடவை மாறவும் வாய்ப்பிருக்கிறது. அதுவரை பேட்ச் பையன்கள் மூன்று பேரோடு மாத வாடகை அறையே போதும்.