மொரிசியஸ் சாலைகளுக்கேற்ற மோட்டார் சைக்கிள் உடையும் பெட்டியும்

போர்ட் லூயிசில் வெயிலில் கிளம்பினால், ஏறக்குறைய 550 மீட்டர் உயரத்திலுள்ள கியூர்பிப்பை அடைவதற்குள் மழை பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால், காற்றோட்டமுள்ள வலைத்துணி ஜாக்கெட்டையும் அதன்மேல் அணியத்தக்க தனி மழைக்கோட்டையும் வாங்குவதே நம் தீவுக்குப் பொருந்தும். உள்ளேயே நீர்த்தடுப்புத் துணி தைத்தவை கடலோரத்தில் புழுக்கத்தைத் தரும். புழுங்கும் உடையை எவரும் நெடுநாள் அணிவதில்லை.

ஜாக்கெட்டின் உட்புறச் சீட்டைக் கட்டாயம் படியுங்கள். ஈஎன் 17092 என்ற ஐரோப்பியத் தர எண்ணுடன் வகுப்பும் குறிக்கப்பட்டிருக்கும்; அவற்றுள் ஏஏஏ என்பதே தார்ச்சாலை உராய்வை மிகுதியாகத் தாங்கும். தோள், முழங்கைக் காப்புகளில் ஈஎன் 1621-1 என்ற எண்ணும் நிலையும் இருக்கும். 2ஆம் நிலை, மோதலின் விசையைக் கூடுதலாகக் குறைக்கும். பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பகுதியிலுள்ள உட்பையில் வெறும் நுரைத்தகடுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டு உண்மையான முதுகுக் காப்பைப் பொருத்துங்கள், இதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். கடையிலேயே ஜாக்கெட்டை அணிந்து, கைப்பிடியைப் பிடிப்பதுபோல் கைகளை நீட்டி, முழங்கைக் காப்பைத் திருகிப் பாருங்கள். கையால் திருகும்போதே நகர்வது, விழும்போது இடத்தில் நிற்காது.

தலைக்கவசத்தில் இசிஇ 22.06 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கட்டும். வாரை இறுக்கியபின் பின்புற விளிம்பை மேல்நோக்கித் தள்ளினால் அது கழன்று வரக்கூடாது. கையுறையும் கணுக்காலை மூடும் காலணியும் அவசியம்.

பொருள்களைப் பொறுத்தவரை, கனமானவற்றைப் பக்கப் பெட்டிகளில் தாழ்வாக, இருபுறமும் எடை ஒத்திருக்குமாறு வையுங்கள். பின்பெட்டியில் ஏற்றும் எடை முன்சக்கரத்தின் பிடியைக் குறைத்துவிடும். பூட்டு, கருவிகள் போன்ற கடினமானவற்றை முதுகுப்பையில் சுமந்தால், விழும்போது அவை முதுகெலும்பைத் தாக்கும். தொங்கும் வார்முனைகள் சங்கிலியில் சிக்காதபடி அவற்றை மடித்துக் கட்டி, கூடுதல் எடைக்கேற்ப டயர் காற்றழுத்தத்தைச் சரிசெய்த பிறகே புறப்படுங்கள்.