ஹாங்காங்ல முதல் தடவை டிம் சம்: உள்ள நுழையுறதுல இருந்து பில் வரைக்கும்

டிம் சம்னா டீயோட சாப்பிடுற குட்டிக் குட்டி சீனப் பலகாரங்க. ஹாங்காங் போற நம்மாளுங்க நிறைய பேர் டிம் சம் கடை வாசல் வரைக்கும் போய், உள்ள கேக்குற சத்தத்தையும் சீன எழுத்து மெனுவையும் பார்த்துட்டு அப்படியே பர்கர் கடைக்கு நடையைக் கட்டிடுறாங்க. அவ்ளோ பயப்பட ஒண்ணும் இல்லங்க. முதல்ல டீ, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆர்டர், இந்த வரிசை பிடிபட்டுட்டா மீதி தன்னால வந்துரும்.

ஸ்டெப் 1: நேரமும் கடையும்

பெரும்பாலான கடைல டிம் சம் காலைலயும் மத்தியானமும்தான், ராத்திரி போனா வேற மெனு. ஞாயித்துக்கிழமை பாட்டி தாத்தா பேரப்பிள்ளைங்கன்னு மொத்த குடும்பமும் வந்து உக்காந்துரும், அதனால வார நாள் காலைல போங்க. மதியக் கூட்டம் முடிஞ்சதும் விலை குறைக்கிற கடைங்களும் உண்டு.

புதுசா போறவங்களுக்கு என் சாய்ஸ் ஹாங்காங்ல சென்ட்ரல்ங்குற ஏரியால சிட்டி ஹால்ல இருக்குற மாக்ஸிம்ஸ் பேலஸ். அங்க மூங்கில் கூடையை அடுக்கி தள்ளுவண்டில கொண்டு வருவாங்க, மூடியைத் திறந்து பார்த்துட்டு கை காட்டினா போதும், மொழியே தேவையில்ல. பழைய காலத்து ஃபீல் வேணும்னா ஸ்டான்லி ஸ்ட்ரீட்ல லுக் யூ டீ ஹவுஸ், 1933ல ஆரம்பிச்சது, ஆனா பர்ஸ் கொஞ்சம் கனமா இருக்கணும். கம்மி காசுக்கு டிம் ஹோ வான். 2009ல மோங் காக்ல குட்டிக் கடையா ஆரம்பிச்சு மிஷலின் ஸ்டார் வாங்கினவங்க, இப்போ பல நாட்டுல கிளை இருக்கு.

ஸ்டெப் 2: டீ

உக்காந்த உடனே என்ன டீன்னு கேப்பாங்க. கறுப்பா கனமா வேணும்னா போ லேய், எண்ணெய்ப் பலகாரத்துக்கு இதுதான் செட் ஆகும். லேசா வாசமா வேணும்னா மல்லிகை டீ. பால், சர்க்கரை கேக்காதீங்க ப்ளீஸ். டீக்கு தலைக்கு இவ்ளோன்னு பில்ல தனியா வரும், சண்டை போட வேண்டாம், அது வழக்கம்.

முதல் தடவை ஊத்துற சுடு டீலயோ வெந்நீர்லயோ கப், கிண்ணம், சாப்ஸ்டிக் எல்லாத்தையும் மேஜை மேலயே அலசுவாங்க, அந்தத் தண்ணிய ஊத்தத்தான் ஒரு பெரிய கிண்ணம் வச்சிருப்பாங்க, பக்கத்து டேபிளைப் பார்த்து அப்படியே பண்ணுங்க. டீ ஊத்தும்போது மத்தவங்களுக்கு முதல்ல, நமக்குக் கடைசில. யாராவது உங்களுக்கு ஊத்தினா ரெண்டு விரலால மேஜையை லேசா தட்டுங்க, அதான் நன்றி. சீனாவை ஆண்ட சியென்லுங் ராஜா மாறுவேஷத்துல போய் வேலைக்காரருக்கு டீ ஊத்தினாராம், விழுந்து கும்பிட்டா ராஜா யாருன்னு தெரிஞ்சுருமேன்னு அந்த வேலைக்காரர் விரலை மடக்கித் தட்டினாராம், கதைதான், ஆனா நல்லாருக்குல்ல? டீ தீந்துட்டா ஜாடி மூடியை லேசா சாய்ச்சு வச்சா போதும், வந்து வெந்நீர் ஊத்திட்டுப் போவாங்க.

ஸ்டெப் 3: ஆர்டர்

வண்டி இல்லாத கடைல ஒரு சீட்டு குடுப்பாங்க, வேணுங்குறதுக்கு நேரா டிக் அடிச்சு குடுக்கணும். சின்னது, நடுத்தரம், பெருசு, ஸ்பெஷல்னு விலை பிரிச்சிருக்கும், இது தட்டு சைஸ் இல்ல, விலை வகுப்பு. கூடைக்கு மூணு நாலு பீஸ்தான் இருக்கும், அதுக்காக மொத்தமா டிக் அடிச்சு தள்ளிடாதீங்க, எல்லாம் ஒரே நேரத்துல வந்து ஆறிப்போயிரும். ரெண்டு பேருன்னா முதல்ல மூணு கூடை, பசி பார்த்து மறுபடி.

முதல்ல ஹார் காவ் சொல்லுங்க. மெல்லிசா கண்ணாடி மாதிரி மாவுக்குள்ள இறால், நம்ம கொழுக்கட்டைக்கு ஒண்ணு விட்ட தம்பி. தோல் கிழியாம எடுக்க வரணும், உள்ள இறால் கடிக்கும்போது மொறுக்குன்னு இருக்கணும், இது ரெண்டும் சரியா இருந்தா அந்தக் கடைல மீதியையும் நம்பி ஆர்டர் பண்ணலாம். அடுத்து சியூ மாய், இது பன்றிக்கறியும் இறாலும். சா சியூ பாவ்னா இனிப்பான பன்றிக்கறி வச்ச பன். கோழிக்கால்னா தொடை இல்ல, பாதம்; பொரிச்சு அப்புறம் வேகவச்சு சாஸ்ல ஊறி வரும், எலும்பைத் துப்பத் தெரிஞ்சா சொர்க்கம். கடைசில சூடா முட்டை டார்ட்.

ஸ்டெப் 4: சைவம், ஹலால்

இங்க உஷாரா இருங்க. முள்ளங்கி கேக்னு பேர் இருந்தாலும் உள்ள காஞ்ச இறாலும் சைனீஸ் சாசேஜும் கிடக்கும், கீரை மேல ஆய்ஸ்டர் (சிப்பி) சாஸ் ஊத்திருப்பாங்க, பேஸ்ட்ரில பன்றிக்கொழுப்பு இருக்கலாம். சாதாரண கடைல கேட்டு கேட்டு சாப்பிடுறதை விட டைமண்ட் ஹில் நான் லியான் தோட்டத்துக்குள்ள இருக்குற சி லின் சைவ உணவகத்துக்குப் போயிருங்க. ஹலால்னா வான் சாய்ல அம்மார் பள்ளிவாசல் இருக்குற கட்டடத்துலயே ஒரு கேன்டீன் இருக்கு, அங்க ஹலால் டிம் சம் கிடைக்கும், மதியத்துக்கு முன்னாடியே போயிருங்க.

ஸ்டெப் 5: பில்

பில் வேணும்னா "ம் கோய், மாய் டான்"னு சொல்லுங்க, இல்லன்னா காத்துல எழுதுற மாதிரி கை காட்டுங்க. நீங்க வாங்கினதைக் குறிச்சு டேபிள்ல வச்சிருக்குற சீட்டைப் பார்த்து கணக்கு போடுவாங்க. நிறைய கடைல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேத்துடுவாங்க, தனியா டிப்ஸ் கட்டாயம் இல்ல. சில பழைய கடைல கிரெடிட் கார்டு வாங்க மாட்டாங்க, கையில கொஞ்சம் ஹாங்காங் டாலர் வச்சுக்கோங்க.