பால் கொடுக்கும் வீட்டில் பீடியும் போயிலையும்

தாய் புகைபிடிப்பவள் என்று தெரிந்தால் வீட்டார் முதலில் நிறுத்துவது பாலைத்தான். ‘இந்தப் பால் பிள்ளைக்கு ஆகாது’ என்று பவுடர் டப்பா வந்துவிடும். இருக்கிற தவறுகளிலேயே பெரியது இது. புகையிலையில் இருக்கும் போதைப்பொருளான நிக்கோடின் பாலில் இறங்குவது உண்மை. தாயின் ரத்தத்தைவிடப் பாலில் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் புகை சூழ்ந்த வீட்டில் குழந்தையை நெஞ்சுச்சளியிலிருந்தும் காதுத் தொற்றிலிருந்தும் ஓரளவு காப்பது அதே தாய்ப்பால். பாலை நிறுத்தினால் புகை அங்கேயே இருக்கும், காப்பு மட்டும் போய்விடும். பழக்கத்தை இன்னும் விடாவிட்டாலும் பால் தொடரட்டும்.

பீடி பிடித்துவிட்டு, கொஞ்சம் பாலைப் பீய்ச்சிக் கொட்டினால் சரியாகிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. வீண் வேலை. ரத்தத்தில் நிக்கோடின் இருக்கும்வரை புதிதாகச் சுரக்கும் பாலிலும் அது இறங்கும். ரத்தத்தில் குறையக் குறையப் பாலிலும் தானே குறையும். பாதியாவதற்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். விட முடியாதவர்கள் பால் கொடுத்து முடித்த பிறகு, வெளியே போய்ப் பிடித்தால் அடுத்த பாலுக்குள் கொஞ்சமாவது இடைவெளி கிடைக்கும்.

‘நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை’ என்பார்கள், கன்னத்தில் போயிலை அடக்கியபடி. 2016-17 தேசியப் புகையிலை ஆய்வில் புகைக்கும் பெண்கள் 2 சதவீதம். மெல்லுவது, பல்லில் தேய்ப்பது என்று புகையில்லாமல் பயன்படுத்துபவர்கள் 12.8 சதவீதம். பிள்ளை பெற்றவளுக்குச் சாப்பாடு செரிக்க வெற்றிலை கொடுப்பது நம் வழக்கம். அதோடு ஒரு கிள்ளு புகையிலையும் சேரும்போதுதான் வினை. வாயில் அடக்கியிருக்கும் நேரமெல்லாம் நிக்கோடின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினை அது குறைக்கும். குழந்தையின் தூக்கத்தையும் கெடுக்கும். பால் ஊறவில்லையென்று பூண்டும் சுறாப்புட்டும் ஆக்கிப் போடும் மாமியார், இதை மட்டும் கேட்பதில்லை. பல வீடுகளில் அவர் கையிலும் அதே வெற்றிலைப் பெட்டி!

அப்பாக்களுக்கு: வாசலில் பீடி பிடித்துவிட்டு அதே சட்டையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம். கை, வாய் கழுவி, சட்டையை மாற்றுங்கள். பெற்றோரில் யார் புகைத்தாலும் குழந்தையைத் தங்கள் பாயில் படுக்க வைக்கக் கூடாது. பச்சிளங்குழந்தை தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் ஆபத்து அங்கே கூடுகிறது. அதே அறையில் தனித் தொட்டிலோ தனி விரிப்போ போதும்.

பழக்கத்தை விடுவதற்காகத் தரப்படும் நிக்கோடின் சூயிங்கத்தைப் பால் கொடுக்கும்போது மெல்லலாமா என்று பயந்து பீடிக்கே திரும்புபவர்களும் உண்டு. அதில் புகை கிடையாது. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பால் கொடுத்த பின் மெல்லலாம். புகையிலையை விட உதவும் இலவச எண் 1800-11-2356.